ரோஸ் கலர் கோட்டூர் டிக்கெட்

சுவரில் பதித்த அறிவிப்புச் சங்கு திடீரென்று ஊதியதில் லோகநாதன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். மடியில் பரப்பியிருந்த பழைய பஸ் டிக்கெட்டுகள் அறை முழுக்கப் பறந்தன.

"பூச்சரம் வலைப்பூக் கூட்டணி உங்களை உறுப்பினராக அழைக்கிறது," என்றது சுவர். "மூன்று நாளில் முடிவு சொல்லவும்."

சமையலறையிலிருந்து தங்கை மாலதி கரண்டியோடு ஓடி வந்தாள். "யாரோ போயிட்டாங்கன்னு நெனச்சேன். இதுக்கா இந்த ஊது ஊதுச்சு? சேந்துக்கண்ணா. எட்டு மாசமா எழுதற, படிக்கிறது ஒரே ஆளு."

"அந்த ஒரு ஆளு போதும்."

"பொம்பளையா இருக்கறதால போதுமா?"

லோகநாதன் குனிந்து டிக்கெட் பொறுக்க ஆரம்பித்தார்.

பஸ்களில் ஓட்டுநரும் நடத்துநரும் இல்லாமல் போய் இருபது வருடம் ஆகிவிட்டது. கதவைத் தாண்டி உள்ளே கால் வைத்தால் கட்டணம் தானாகப் போய்விடும். பொள்ளாச்சி மில்லிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, கல்லூரி நாளில் சேர்த்த டிக்கெட் பெட்டியைத் திறந்து, வாரம் ஒரு டிக்கெட் என்று வலைப்பூ தொடங்கியிருந்தார் லோகநாதன். எச்சில் தொட்டுக் கிழிக்கும் நடத்துநர், டிக்கெட்டைக் கடிகார வாரில் செருகிக்கொள்ளும் ஆசாமிகள், எல்லாம் அதில் வந்தார்கள். நெரிசலில் முன்னால் நிற்கும் பெண்களின் காசு பத்துக் கை மாறிப் பின்னால் போகும். டிக்கெட் அதே பத்துக் கை மாறித் திரும்பும். 'எந்தக் கையும் அதைத் தன்னிடம் வைத்துக்கொண்டதில்லை' என்று எழுதியிருந்தார்.

முதல் கருத்து இப்படி வந்தது: 'கோட்டூர் வண்டி டிக்கெட் பச்சை இல்லீங்க, ரோஸ் கலர். பச்சை, ஆனைமலை வண்டிக்கு. ஹேமலதா, கோட்டூர்.'

பெட்டியைக் கிளறிப் பார்த்தார். ரோஸ்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பதிவிலும் வேண்டுமென்றே ஒரு சின்னப் பிழையை விட்டுவைத்தார். ஹேமலதா ஒன்றையும் விட்டதில்லை. பஸ் நிலையத்துக்கு எதிரில் நாவல் மரம் நிற்கிற வீடு என்பதும், அவரும் தன்னைப் போலவே துணையில்லாத ஆள் என்பதும் அந்தத் திருத்தங்களுக்கு நடுவேதான் தெரியவந்தன.

பூச்சரத்தில் சேர்ந்தால் லட்சம் வாசகர்கள் நிச்சயம். விதி ஒன்றுதான்: உறுப்பினர் ஒவ்வொருவரும் நாளைக்கு நானூறு பதிவுகளுக்குக் கருத்து எழுத வேண்டும். மனிதரால் ஆகிற காரியமா? அதற்குத்தான் 'மறுகை'. நாம் எழுதியதையெல்லாம் படித்துவிட்டு நம்மைப் போலவே எழுதும் இயந்திரம். கல்யாண வாழ்த்திலிருந்து துக்க விசாரிப்பு வரை ஊரில் இப்போது அதுதான் எழுதுகிறது.

லட்சம் பேருக்கு நடுவில் அந்த ஒருவர் தொலைந்துபோவாரோ என்று பயம். ஹேமலதாவிடமே கேட்டு எழுதினார். பதில் உடனே வந்தது.

'சேருங்க. நாலு பேர் படிக்கட்டும். எனக்கு மட்டும் மறுகை வேண்டாம், நீங்களே எழுதுங்க.'

'சத்தியமா' என்று எழுதிவிட்டுச் சேர்ந்தார்.

லட்சம் பேர் வந்தார்கள். 'அருமை', 'நெகிழ்ந்தேன்' என்று கருத்துகள் கொட்டின. ஹேமலதாவுக்கு மட்டும் தன் விரலால் எழுதினார். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தபோது, இந்த ஒரு தடவை என்று அதையும் மறுகையிடம் விட்டார். எழுந்த பிறகு படித்துப் பார்த்தால், தான் எழுதுவதைவிட நன்றாகவே எழுதியிருந்தது. இன்னும் ஒரு வாரம் விட்டார். அப்படியே நான்கு மாதம் ஓடிவிட்டது.

ஒரு புதன்கிழமை மனம் உறுத்தி, அந்தக் கடிதப் போக்குவரத்தைத் திறந்தார். கடைசி வரி ஹேமலதாவுடையது: 'வியாழக்கிழமை வாங்களேன். அரிசிம்பருப்பு சாதம் செய்யறேன்.' அதன் கீழே அவருடைய மறுகை, 'கட்டாயம் வர்றேனுங்க' என்றிருந்தது.

மறுநாள் கோட்டூர் பஸ்ஸில் ஏறினார். கூட்டம் இருந்தது. யாரும் யாரிடமும் எதையும் நீட்டவில்லை. நேரில் உண்மையைச் சொல்லிவிடுவது, திட்டினால் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தார். சட்டைப் பையில் அந்த ரோஸ் டிக்கெட் இருந்தது.

நாவல் மரத்தடியில் கதவைத் திறந்த அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "யாருங்க?"

"லோகநாதனுங்க. டிக்கெட்டு."

"அட, நீங்களா? என்னுங்க, சொல்லாம கொள்ளாம?"

"இன்னிக்கு வரச் சொன்னீங்களே."

"நானா?"

லோகநாதன் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டார். "நாலு மாசமா உங்களுக்கு நான் எழுதலைங்க. மறுகைதான் எழுதுச்சு. தப்புத்தான்."

ஹேமலதா கோபிக்கவில்லை. திண்டாடிப்போனவர் போலக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என் செடி வலைப்பூவோட நானும் பூச்சரத்துல இருக்கேனுங்க. உங்களுக்கு முன்னாலயே சேந்துட்டேன். மொதல்ல எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான் இருந்தேன். அப்புறம் முடியலைங்க, மறுகைகிட்ட விட்டுட்டேன்."

"வால்பாறை டிக்கெட் மஞ்சள்னு எழுதினேன். நீங்க திருத்தவே இல்லை. மரியாதைக்கு விட்டுட்டீங்கன்னு நெனச்சேன்."

"வால்பாறை வெள்ளையாச்சே," என்றார் ஹேமலதா சட்டென்று.

அவருக்குச் சிரிப்பு வந்தது. பையிலிருந்த டிக்கெட்டை எடுத்து நீட்டினார். "ரோஸ் கலருன்னு சொன்னது?"

"அது நாந்தானுங்க."

"நான் சேரும்போது, எனக்கு மட்டும் நீங்களே எழுதுங்கன்னு கேட்டது?"

ஹேமலதா டிக்கெட்டை வாங்கி, நெடுநேரம் புரட்டிப் பார்த்தார்.

"அது என் மறுகைங்க. படிச்சப்ப, இதை நானே கேட்டிருக்கணும்னு தோணுச்சு."