துரோகிகள் வாசல்

தடித்த சப்பாத்துகள் மட்டுமே தட்டிப் போகிற மார்கழிக் குளிரில், அந்தக் கல் பாவிய பாதையில், யாரோ பாட்டாச் செருப்போடு நடந்து வருவது சிவமலருக்குக் கேட்டது. நனைந்த ரப்பர் குதிக்காலில் ஒட்டிப் பிரிகிற சத்தம். சளக். அடுத்த காலுக்குச் சத்தமில்லை. மறுபடியும் சளக். திரும்பிப் பார்த்தாள். கமராவோடு நின்ற ஜப்பான்காரர்களைத் தவிர ஒருவரும் இல்லை. லண்டனின் வடக்கே எட்மண்டனிலிருந்து பஸ்ஸும் டியூப் ரயிலும் மாறி வந்த களைப்பாக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

லண்டன் டவரைப் பார்க்க ஆசைப்பட்டவர் மாமி கமலாம்பிகை. ஊரிலிருந்து வந்து ஒரு மாதம்தான். கோபுரம் கோபுரமாகத் தாய்க்கு விளக்கம் சொல்லிக்கொண்டு வந்த சிவமலரின் புருஷன் யோகராஜா, ஆற்றுப் பக்கத்து வாசலடியில் மட்டும் எட்டி நடை போட்டான். அகன்ற கல் வளைவு. அதன் கீழே பாசி பிடித்த படிகள் கறுத்த தண்ணீருக்குள் இறங்கின. அதற்கப்பால் பெரிய மரக் கதவுகள். பழைய இரும்பு மணத்தது.

"அந்தப் பலகையில என்ன எழுதியிருக்கு, தம்பி?"

"பழைய வள்ளத்து வாசல், அம்மா. வாங்கோ, குளிருது."

சிவமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "துரோகியள் வாசல் எண்டு எழுதியிருக்கு, மாமி. ராசாவுக்குத் துரோகி எண்டு பிடிச்ச ஆக்களை வள்ளத்தில ஏத்தி இதாலதானாம் கொண்டு வாறது."

"முருகா!" என்ற மாமி, அதற்குமேல் கேட்காமல் ஓரத்து வாங்குப் பலகையில் போய்க் குந்தினார். அந்தச் சொல்லை அவர்கள் வீட்டில் ஒருவரும் வாயில் எடுப்பதில்லை.

அது சிவமலரின் அண்ணன் பரமேஸ்வரனின் கழுத்தில் தொங்கிய சொல். ஊரில், எண்பத்தாறாம் ஆண்டு மழைக்காலம். துவக்கோடு வந்த இயக்கப் பெடியள் வீட்டுக்குள் எட்டியும் பார்க்காமல், நேரே பின்பக்கத்து மாட்டுக்கொட்டிலுக்குப் போய், ஒளித்திருந்தவனை இழுத்து வந்தார்கள். யாரோ இடத்தைச் சொல்லியிருந்தார்கள். வேலிப் படலையைத் தாண்டும்போது அவன் திரும்பி, கடைக்குப் போகிறவன் மாதிரி, "வாறன், தங்கச்சி" என்றான். எங்கள் சனம் எப்போதாவது 'போறன்' என்று சொல்லியிருக்கிறதா? விடியச் சந்தி லைட் போஸ்டடியில் வெறுங்காலோடு செத்துக் கிடந்தான், கழுத்தில் அட்டையோடு. படலையடிச் சேற்றில் கிடந்த ஒற்றைப் பாட்டாவை அவள் பாவாடைக்குள் மறைத்துக் கொண்டுவந்து வைத்தாள். பெற்ற தாய்க்கும் சொல்லவில்லை.

யார் சொன்னது? ஐந்து வருடமாகச் சோற்றில் கல்லாய்க் கடிபடுகிற கேள்வி. அவளுக்குக் கலியாணம் பேசியிருந்த யோகராஜா அப்போது விசா அலுவலாகக் கொழும்பில் நின்றவன். செய்தி கேட்டு ஓடிவந்து அவள் கையைப் பிடித்து அழுதான். அந்த அழுகைக்காகவே அவனைக் கட்டினாள்.

சளக்.

இப்போது பின்னாலிருந்து அல்ல. கீழேயிருந்து.

"மாமி, சத்தம் கேக்குதே?"

"என்ன சத்தம், பிள்ளை? ஒண்டுமில்லை," என்று மாமி வடைப் பார்சலைப் பிரித்தார்.

தண்ணீர் அசையவில்லை. ஆனால் படிகள் நனைந்துகொண்டு வந்தன. ஒரு படியில் செருப்பின் அச்சு. அடுத்ததில் ஐந்து விரல்கள். தேம்ஸ் ஆற்றங்கரையில் மாட்டுக்கொட்டில் மணத்தது. ஈரச் சாக்கு. சாணம். சேறு.

கம்பித் தடுப்பைப் பிடித்தபடி பக்கத்தில் பார்த்தாள். எட்டி நடந்தவன் திரும்பி வந்து நின்றான். முகத்தில் ஈயாடவில்லை.

"உங்களுக்கும் கேக்குதோ?"

"ஓம். ஒரு செருப்போடதான் வாறான். மற்றது படலையடியில கழண்டு போச்சு."

அந்தச் செருப்பு கழன்றது சிவமலரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. பாழ்படுவான்! இவனுக்கா ஐந்து வருடமாகச் சோறு போட்டாள்?

"நீங்கள் கொழும்பில எல்லோ நிண்டனீங்கள்?"

"என்னையும் பிடிச்சிருப்பாங்கள், சிவமலர். பயந்து போனன். இடத்தை மட்டும்தான் காட்டினனான்..."

சளக்.

மேல்படி நனைந்தது.

"வந்திட்டன், தங்கச்சி."

அதே குரல். கடைக்குப் போய் வந்தவனின் குரல்.

படிகளுக்கும் யோகராஜாவுக்கும் நடுவில் நின்றவள் அவள்தான். கத்தியிருக்கலாம். அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். தடுப்பிலிருந்து கையை எடுத்தாள். விலகி வழி விட்டாள்.

யோகராஜாவுக்குக் கால் எடுபடவில்லை. இரண்டு ஈரக் கைகள், அட்டை கட்டிய சணல் கயிற்றை அண்ணன் கழுத்திலிருந்து மெல்லக் கழற்றின. கலியாணத்தன்று மாலைக்குக் குனிந்த அதே மாதிரி அவன் தலையைக் குனிந்தான்.

"தம்பி, ஒரு வடை எடன்," என்றார் மாமி வாங்கிலிருந்து.

அவன் நெஞ்சில் அட்டை தண்ணீர் சொட்டிக்கொண்டு தொங்கியது. ஒரு எழுத்தும் அழியவில்லை.