ஃபோல்டரின் உரிமையாளர்

கொடுத்த அனுமதியை மறுபடியும் காணோம்.

இப்போதுதான் தன் கையால் டிக் அடித்து, ஓகே அழுத்தி மூடினாள். திறந்து பார்த்தால் கட்டம் காலி. டேட்டாபேஸைத் தொடங்கச் சொன்னால், 'இந்த ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லை' என்று அதே பல்லவி. மதியத்திலிருந்து இந்தக் கழுத்தறுப்புதான். விண்டோஸ் வேலை என்றாலே அனுமதிக்கு மல்லுக்கட்ட வேண்டியதுதான், ஆனால் இப்படிக் கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டு அவளைப் பைத்தியமாக்கிய கம்ப்யூட்டரை அவள் பார்த்ததில்லை.

விடுமுறை நாள், மாடி முழுக்க ஆளில்லை. ஜன்னல் இல்லாத அந்தச் சின்ன சர்வர் அறையில் ஏசி கரகரத்துக்கொண்டிருந்தது. சூடேறிய தூசியின் கருகல் நாற்றத்துக்கு அடியில் வேறொரு வாசம், பல நாள் பெட்டிக்குள் கிடந்த துணியின் வாசம், யாரோ நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பதுபோல் வந்து வந்து போயிற்று. திரும்பிப் பார்த்தாள். சுவர்தான்.

போன் அடித்தது. மகள்.

"எப்பம்மா வருவே? நீ ஊட்டினாத்தான் சாப்பிடுவேன்."

"இதோ கிளம்பிட்டேன்டா தங்கம்."

பச்சைப் பொய். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையை அதன் அப்பாவிடம் விட்டுவிட்டு வந்தது அவள் நெஞ்சை அறுத்தது. இதை முடித்தால்தான் வீடு.

ஃபோல்டரின் உரிமையாளர் யாரென்று பார்த்தாள். பெயர் இல்லை, நீளமாய் ஓர் எண். ஒருவருடைய கணக்கை அழித்துவிட்டால் பெயர் போய் எண் மட்டும் மிஞ்சுவது வழக்கம்தான். மேனேஜருக்குப் போன் போட்டாள்.

"சார், எனக்கு முன்னாடி இந்த சர்வரை யார் பார்த்துக்கிட்டது?"

"ஒரு அம்மா. அந்த ரூம்ல வேலை பார்த்துக்கிட்டு இருக்கும்போதே காணாம போயிட்டாங்க. அவங்க கணக்கை அப்பவே அழிச்சாச்சேம்மா."

அழித்த கணக்கு எப்படி அனுமதியைப் பிடுங்கும்? எரிச்சல் தலைக்கேறியது. எண்ணைத் தூக்கிவிட்டு, உரிமையாளர் இடத்தில் தன் பெயரைப் போட்டாள். ஒரு பெட்டி எழும்பி ஏதோ நீளமாகக் கேட்டது. இந்தப் பெட்டிகளை எவர்தான் படிக்கிறார்கள்? 'ஆம்' அழுத்தினாள். மறைகிற நொடியில்தான் கடைசி வரி கண்ணில் பட்டது: 'உரிமையாளர் இருவரையும் இடம் மாற்றிவிடலாமா?'

டேட்டாபேஸ் ஓடத் தொடங்கியது. அப்பாடா!

அந்த வாசமும் போய்விட்டது. வெளியே நடையில் செருப்புச் சத்தம். வீட்டுக்குப் போகிற அவசரத்தில். கதவு சாத்திக்கொண்டது.

நாற்காலியில் மாட்டிய கைப்பை இல்லை. காலடியில் கழற்றிவிட்ட செருப்பும் இல்லை.

திரை இருண்டு பாஸ்வேர்ட் கேட்டது. அடித்தாள். 'அப்படி ஒரு கணக்கே இல்லை.'

கழுத்தில் தொங்கிய கார்டைக் கதவுப் பூட்டில் காட்டினாள். சிவப்பு. மறுபடியும். சிவப்பு.

தட்டினாள். கத்தினாள். வீட்டுக்குப் போன் போட்டாள். போகவில்லை. மறுபடி. போகவில்லை. கை வீங்கும்வரை தட்டினாள்.

கடைசியில் மறுமுனையில் மணி அடித்தது. மகள்தான் எடுத்தாள்.

"தங்கம், அம்மாடா! அப்பாகிட்ட குடு, சீக்கிரம்!"

"யாரு நீங்க? எங்கம்மா இங்கதான் இருக்காங்க. எனக்கு ஊட்டிக்கிட்டு இருக்காங்க."

பின்னாலிருந்து ஒரு குரல். அவளுடைய குரல். அதே கனிவு.

"போனை வெச்சுடு தங்கம். ராங் நம்பர். ம்... வாயைத் திற."