முதுகு காட்டி வருகிறவர்

பூனை வால் முதலாக வீட்டுக்குள் வந்தது.

முதலில் வால், பிறகு நனைந்த பின்னங்கால்கள், பிறகு வயிறு என்று வாசல்படியைக் காலால் தடவித் தடவி அது பின்பக்கமாகவே வந்ததைப் பார்த்துத் துஷாந்தினிக்குச் சிரிப்புதான் வந்தது. வெளித் திண்ணையான இஸ்தோப்பில் நாய் ஏதாவது நிற்கும், அதை முறைத்துக்கொண்டே வருகிறது என்று நினைத்துக்கொண்டாள். "அப்புடியே மாயழகு மாதிரி வர்ற, போ" என்று சொல்லிவிட்டு மறுபடியும் போனுக்குள் குனிந்தாள். சிரித்துக்கொண்டிருக்க நேரமில்லை. வீடியோ ஏறுவது தொண்ணூற்றாறு வீதத்தில் நின்றுபோயிருந்தது. மூன்றாவது தடவையாக.

ஜன்னல் கம்பிக்கு இடையில் செருகினால்தான் அந்தப் போனுக்கு சிக்னல். மழை பெய்தால் அதுவும் இல்லை. பதுளை டவுனில் சிநேகிதி காமிலா காத்துக்கொண்டிருக்கிறாள். இன்று பசறை மாயழகு இறந்த நாள். அவருக்கென்று இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் முப்பது பேர்கூட இல்லை. இருக்கிற அத்தனை பேரும் இரவு துஷாந்தினியின் வீடியோவை ஒன்றாகப் பார்ப்பதாக ஏற்பாடு.

மாயழகு என்று பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. படத்தைக் காட்டினால், "அட, இந்தக் கிறுக்கனா" என்பார்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் இரண்டு நிமிடம் வருவார், பிற்காலத்தில் டிவி நாடகங்களில் மூன்று நிமிடம். ஒரு படத்தில் நீதிபதி. தீர்ப்பைச் சுவரைப் பார்த்து வாசித்தார். இன்னொன்றில் தபால்காரர், கடிதத்தைக் கொடுக்காமல் மோந்து பார்த்துவிட்டு, "இது கெட்ட சேதி, நாளைக்குத் தாறேன்" என்று பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார். எந்த எழுத்தாளரும் அப்படி ஒரு வசனத்தை எழுதிக் கொடுத்திருக்க முடியாது என்று துஷாந்தினி சத்தியம் செய்வாள். கதாநாயகி செத்துக் கிடக்க எல்லோரும் அழும்போது, பின்னால் ஓரமாக நின்று இவர் வாழைப்பழம் உரிப்பார்; அழுகிற எவரையும்விட அந்த உரிக்கிற கைதான் அவளை அழவைத்தது. இதை வகுப்பில் சொல்லிப் பார்த்தாள். பெயரே வைத்துவிட்டார்கள், வாழைப்பழம் என்று. அப்பா நல்லையாவிடம் சொன்னால், "இந்த ஒலகத்துல ஒனக்கு வேற ஹீரோவே கெடைக்கலயா பாப்பா?"

எல்லாவற்றுக்கும் மேலே அவருடைய வருகை. எந்த வேடமானாலும் கதவுக்குள் முதுகைக் காட்டித்தான் வருவார். இடது கை பின்னால் நீண்டு கதவு நிலையைத் தடவும். தோள்கள் குலுங்கும். பிறகு சிரிப்பு. அதற்கும் பிறகுதான் திரும்பி முகத்தைக் காட்டுவார்.

அந்த வருகைகளை மட்டும் வெட்டி எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டியதுதான் அவளுடைய வீடியோ. வருகிறார், வருகிறார், வந்துகொண்டே இருக்கிறார். அதற்கு அடியில் போன மாசியில் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தில் அவளே பதிவு செய்த தப்பு மேளச் சத்தம். அடித்தது அப்பாதான்.

"ஏய் துஷா!" சுவருக்கு மேலிருந்து குரல் வந்தது. லயத்து வரிசை அறைகளின் நடுச்சுவர் கூரையைத் தொடுவதில்லை. பக்கத்து வீட்டுக் கலாராணி அக்கா தும்மினாலும் இங்கே கேட்கும். "சாயங்காலத்துலருந்து அதே தப்பு. ஒனக்கு அலுக்கலயாடி?"

"ஏற மாட்டேங்குதுக்கா. ஒவ்வொரு தடவையும் மொதல்லருந்து போட்டுப் பாக்க வேண்டியிருக்கு."

"அது எமன் வர்ற அடிதானே. போற அடி எங்க?"

"அது வீடியோவுக்குத் தேவையில்ல. போன்லயும் எடமில்ல. அழிச்சிட்டேன்."

அந்தப் பக்கம் தேங்காய் துருவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"வர்ற அடிய மட்டுமா இவ்வளவு நேரமும் போட்ட?"

அந்தத் தோட்டத்துக் கூத்தில் எமன் வேடம் கட்டியவர் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் முதுகைக் காட்டித்தான் வருவார். அவர் முகம் இருக்கிற பக்கம் அன்றைக்கு ஒருத்தரும் நடக்கமாட்டார்கள், தப்புக்காரர்கள்கூடப் பக்கவாட்டில்தான். வாசலில் வந்து நின்றதும் போற அடியை அடிப்பார்கள். அவர் திரும்பாமலே அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடுவார். துஷாந்தினி சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். அதில் யோசிக்க ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தோன்றியதில்லை.

"திரும்பினா என்னக்கா ஆகும்?"

"யாரு திரும்ப விட்டா?" என்றாள் கலாராணி அக்கா. குரலைத் தாழ்த்தி, "ஒங்கப்பா வந்ததும் போற அடிய ஒரு தடவ அடிக்கச் சொல்லு. சொல்லு புள்ள."

கரண்ட் போனது.

இருட்டில் மழை இன்னும் கிட்டே வந்த மாதிரி இருந்தது. அம்மா பதுளை ஆஸ்பத்திரியில், சித்திக்குத் துணையாக. அப்பா வெலிமடைக்கு லீக்ஸ் மரக்கறி ஏற்றப் போனவர், இன்னும் வரவில்லை. கூரைத் தகரத்தின் ஓட்டையிலிருந்து மூலையில் வைத்த பேசினுக்குள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, ஈரச் சாக்கு வாடையும் அணைந்த அடுப்பின் புகையும் அறைக்குள் தேங்கி நின்றன, அந்தச் சொட்டுகள் விழுந்த விதத்தைக் காது தானாகவே எண்ணத் தொடங்கி, இரண்டு, ஒன்று, இரண்டு, பிறகு ஒரு இடைவெளி என்று பிடித்துக்கொண்டது. அது வர்ற அடி.

பேசினை உதைத்து நகர்த்தினாள். சொட்டுகள் மண் தரையில் விழுந்தன. அதே கணக்கில்.

அப்போதுதான் மாயழகின் பழைய ரேடியோ பேட்டி நினைவுக்கு வந்தது. அவர் இதே தோட்டத்துக்காரர். ஒரு மாசியில் எமன் வேடம் கட்டியிருந்தபோது பெருமழை பிடித்துக் கூத்து கலைந்துவிட, முகத்து அரிதாரத்தோடேயே லாரி ஏறிப் போனவர். ஏன் எப்போதும் முதுகு காட்டி வருகிறீர்கள் என்று கேட்டதற்கு, "நான் இன்னும் வந்துக்கிட்டேதான் இருக்கேன் தம்பி. என்னய அனுப்புற அடிய யாரும் அடிக்கலயே" என்று சொல்லிச் சிரித்தார். அந்த வசனத்தைத்தான் துஷாந்தினி ஒரு வருடமாக ஸ்டேட்டஸில் வைத்திருந்தாள். எவ்வளவு கிறுக்கான பதில் என்று எத்தனை பேரிடம் பீற்றியிருப்பாள்.

காமிலாவுக்குக் குரல் பதிவு அனுப்பினாள். "காமி, அவரு வெளியே போற சீன் ஒண்ணு வேணும். ஒண்ணே ஒண்ணு. கடைசில ஒட்டணும். அவசரம்டி. சிரிக்காத."

சுற்றிக்கொண்டிருந்த வட்டம் நின்று பதில் வருவதற்குள் நகத்தைக் கடித்துத் தீர்த்துவிட்டாள்.

"நானும் தேடிட்டேன்டி," காமிலாவின் குரல் விட்டு விட்டு வந்தது. "ஒண்ணுலயும் இல்ல. வாறாரு, பேசுறாரு, அப்புடியே நிக்கிறாரு, சீன் வெட்டுது. அந்தாளு எங்கயுமே வெளிய போகல்ல. நீ ஏன்டி அழுற?"

அழவில்லை என்று சொல்லக்கூட சிக்னல் இல்லை. போனைக் கட்டிலில் வீசினாள். மறுபடி ஓடிப்போய் எடுத்தாள். அப்பாவுக்குப் போன் அடித்தாள். போகவில்லை. மறுபடி. போகவில்லை. ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு, கையை வெளியே நீட்டி மழையில் பிடித்துக்கொண்டு, ஸ்பீக்கரில் போட்டு மறுபடி.

"என்னா பாப்பா?"

"அப்பா! எங்க இருக்கீங்க?"

"பாலத்தடியில எறங்கிட்டேன். நடந்து வாறேன்."

"சீக்கிரம் வாங்க. வந்ததும் எமன் போற அடிய அடிக்கணும்."

"ஐப்பசி மழையிலயா?" அப்பா சிரித்தார். "ஒன்னோட கிறுக்கு நடிகனுக்கா?"

"அப்பா, சத்தியமா. வெளயாட்டு இல்ல."

அவள் குரலில் எதையோ கேட்டிருக்க வேண்டும். சிரிப்பு நின்றது. "சரி, சரி. தப்பு அடுப்புக்கு மேல தொங்குது பாரு. ஈரத்துல தோலு எளகிப் போயிருக்கும். நெருப்புல காட்டி வை. வந்துர்றேன்."

விறகும் ஈரம். தீக்குச்சிகள் நமத்துப்போய்த் தலை உதிர்ந்தன. ஊதி ஊதிக் கண்ணெல்லாம் எரிந்து, கடைசியில் பழைய பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றைக் கிழித்துப் போட்டுத் தீயைப் பிடிக்க வைத்தாள். தப்பை வளையத்தில் பிடித்துச் சூடு காட்டினாள். தோல் மெல்ல மெல்ல இறுகியது. விரலால் சுண்டினால் கிண்ணென்றது. அன்றைக்கு முழுவதும் அவள் கை வைத்ததில் சரியாக நடந்த ஒரே காரியம் அதுதான்.

புகைக்கு நடுவே வேறொரு வாடை வந்தது. தீப்பந்த எண்ணெயும் அரிதாரமும் கலந்த வாடை. கூத்து ராத்திரியின் வாடை.

ஜன்னலில் செருகியிருந்த போன் அடித்தது, தப்போடேயே ஓடினாள். அப்பா.

"பாப்பா, லயத்துக்கு ஏறுற மேல்கணக்குப் படிக்கட்டுக்கு வந்துட்டேன். இங்க ஒரு பைத்தியக்காரன பாரு. எனக்கு முன்னால போறான். பின்பக்கமாவே நடந்து போறான், இந்த வழுக்குல."

அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

முதுகு வீட்டுப் பக்கம் என்றால் முகம் அப்பாவின் பக்கம்.

"அப்பா, பாக்காதீங்க. கீழ குனிஞ்சுக்கங்க."

"டார்ச்சு அவன் மூஞ்சியிலதானே படுது, பாக்காம எப்புடி..." மழைச் சத்தம். "அடடே. பாப்பா, இது நம்ம..."

அவ்வளவுதான். மழை மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

"அப்பா? அப்பா!"

திரை அணைந்தது. சார்ஜ் தீர்ந்துவிட்டது.

"கலாராணி அக்கா!"

சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. "சத்தம் போடாத," என்று கிசுகிசுப்பாக வந்தது. "ஜன்னலால பாத்தேன். ஒங்க இஸ்தோப்புல ஆரோ நிக்கிறாங்க. முதுகு மட்டுந்தான் தெரியுது."

பூனை கட்டிலுக்கடியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

கதவு திறந்தது.

முதலில் குதிகால். சேறு அப்பிய குதிகால். பிறகு முழங்காலுக்குப் பின்புறம். பிறகு மழைக்குப் போர்த்திய உரச்சாக்கு, லீக்ஸ் வாடையோடு. வலது தோளில் அப்பாவின் பழைய பை.

அப்பாவின் முதுகு. அவளுக்குத் தெரியாதா.

"அப்பா," என்றாள்.

இடது கை பின்னால் நீண்டது. கதவு நிலையைத் தடவியது. மேலிருந்து கீழே. மெதுவாக.

போற அடி. போற அடியை அடிக்க வேண்டும். தப்பு அவள் கையில்தான் இருந்தது. சூடாக. இறுகி. எத்தனை மாசி கேட்டிருப்பாள். எப்படித் தொடங்கும்? ஒன்றா? மூன்றா? நினைவில் அந்த இடமே காலியாக இருந்தது. துடைத்த மாதிரி.

கையை ஓங்கினாள். கை தானாக விழுந்தது.

இரண்டு. ஒன்று. இரண்டு.

இல்லை. இதில்லை. நிறுத்து.

இரண்டு. ஒன்று. இரண்டு.

விரல்களுக்குச் சாயங்காலத்திலிருந்து கேட்டது மட்டும்தான் தெரியும்.

அப்பாவின் முதுகு இன்னும் ஒரு அடி உள்ளே வந்தது.

"அப்பா, திரும்பாதீங்க."

கை நிற்கவில்லை. தப்பு முழங்கியது. அடுப்பு வெளிச்சத்தில், உரச்சாக்குக்கு அடியில், அப்பாவின் தோள்கள் இரண்டும் மெல்லக் குலுங்கத் தொடங்கின.