கைராசி

துடைத்த பிறகும் அந்தப் புள்ளி போகவில்லை.

பவுடர் ஒட்டியிருந்தால் மார்பகப் படத்தில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்து ஏமாற்றும் என்பதால், அந்த அம்மாளை ஈரத்துணியால் அக்குள்வரை துடைத்துக்கொள்ளச் சொன்ன பிறகுதான், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் அவள், படமே எடுத்தாள். ஆனாலும் திரையில், இடது மார்பின் மேல்புறத்தில், ரவை அளவுக்கு ஒரு வெள்ளை. நேற்று வந்த ஆசிரியைக்கும் அதே இடம். முந்தாநாள் தையல்காரிக்கும் அதே இடம். புற்றுநோய் தொடங்கும்போது இப்படித்தான் தொடங்கும்.

"உங்க கைராசியைக் கேள்விப்பட்டுத்தாங்க இவ்வளவு தூரம் வந்தேன்," என்று அந்த அம்மாள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சிரித்தாள்.

கைராசிக்காரி என்றுதான் அவளை எல்லோரும் சொல்வார்கள். அவள் எடுத்த படத்தில் கெட்டது வந்ததே இல்லையாம். ரகசியம் ஒன்றுமில்லை, உறை போட்ட கை பட்டால் பெண்கள் சிலிர்த்து அசைவார்கள், படம் கலங்கும். அதனால் விதியை மீறி வெறுங்கையாலேயே மார்பைத் தூக்கித் தட்டில் வைத்து, மேலே பலகை இறங்கும்வரை கட்டைவிரலால் நீவிப் பிடித்திருப்பாள்.

படத்தைக் காட்டியும் டாக்டர் நாற்காலியை விட்டு எழவேயில்லை. "மெஷின்ல தூசும்மா. நல்லாத் துடை, போ." மூன்று பேருக்கும் குறையொன்றும் இல்லை என்று கையெழுத்துப் போட்டாயிற்று. மகராசன்!

துடைத்தாள். ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏற, நடைபாதையில் துப்புரவுக்காரி ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு போகும் சத்தத்தைக் கேட்டபடி, சோதனைக்கென்று இருக்கும் பிளாஸ்டிக் கட்டையைத் தட்டில் வைத்துப் படம் எடுத்தாள். பளிச்சென்று சுத்தமாக வந்தது. அப்படியென்றால் தூசு இல்லை.

அன்றைக்குப் பார்த்தா அக்கா வரவேண்டும்!

அம்மா மார்பில் கட்டி வந்ததை வெட்கப்பட்டு மறைத்தே செத்துப்போனாள். அதன்பின் அவளை வளர்த்தது அக்காதான். அக்காவையும் அப்படிப் பறிகொடுக்க அவளால் ஆகாது. அதற்காகத்தான் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லி வருஷக்கணக்காக நச்சரித்தாள்.

"இன்னொரு நாள் பாக்கலாமாக்கா? மெஷின் சரியில்ல."

"நல்லா இருக்குடி உன் கதை! வா வான்னு உசிரை வாங்கிட்டு, வந்து நின்னா போங்கிற. இப்ப போனா நான் திரும்பி வரமாட்டேன், சொல்லிட்டேன்."

வரமாட்டாள்தான். அக்காவின் பிடிவாதம் ஊருக்கே தெரியும்.

ஏசி குளிரில் அக்காவின் தோல் புல்லரித்திருந்தது. இயந்திரம் தனக்குள்ளே எதையோ மென்றுகொண்டிருப்பது போல உறுமியது. அக்காவாயிற்றே, வலிக்கக் கூடாதே என்று கட்டைவிரலோடு நிற்காமல் ஐந்து விரலையும் வைத்து நீவினாள். பலகை இறங்கியது.

"உன் கை மட்டும் எப்பவும் கதகதன்னு இருக்குடி."

கண்ணாடிக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினாள். படம் மெல்ல மேலெழுந்து வந்தது.

ஒரு புள்ளி அல்ல.

ஐந்து.

நான்கு ஒரு வரிசையில். ஒன்று மட்டும் கீழே, தள்ளி.

கையைத் தூக்கித் திரைமேல் வைத்தாள். கட்டைவிரல் கட்டைவிரல் இடத்தில். சுண்டுவிரல் சுண்டுவிரல் இடத்தில். அச்சாகப் பொருந்தியது.

ஆசிரியை. தையல்காரி. சிரித்துக்கொண்டு போன அந்த அம்மாள். கட்டைவிரல்.

விரல்நுனிகளைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. சுத்தமான விரல்கள். சூடாக இருந்தன.

"என்னடி, முடிஞ்சுதா?" அக்கா துண்டைப் போர்த்திக்கொண்டு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டாள். திரையைப் பார்த்தாள். "ஏதோ வெள்ளையா தெரியுதே. பவுடரா?"

அவள் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

"அட பயந்தாங்கொள்ளி! நானே பயப்படல, உனக்கென்ன?" அக்கா அந்தக் கையை வெடுக்கென்று இழுத்தாள். "அம்மாவுக்குத்தான் கொடுத்து வைக்கல. எனக்கு இந்தக் கை இருக்கு."

அவள் கையை உருவ இழுத்தாள். அக்கா விடவில்லை. சிரித்துக்கொண்டே இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள், கண்ணை மூடி, ஐந்து விரலும் பதிய.