பேச்சில் முளைத்த பல்

பல்வித்து ஊன்றிக்கொண்டவர்கள் பேசியே ஆக வேண்டும். ஈறுக்குள் வைத்த வித்து, பேச்சில் தாடை அதிர அதிரத்தான் கெட்டிப்படும். மென்றால் நசுங்கிவிடும், வாயை மூடியே வைத்திருந்தால் கரைந்துவிடும்.

இதைக் கேட்டதும் சவரிராயன் சோர்ந்துபோனார். தூத்துக்குடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் மனிதர் என்று இருந்தது அவர் ஒருவர்தான். மனைவி போன பிறகு வீட்டிலும் பேச ஆளில்லை. ஞாயிறு முழுக்க ரேடியோவை அணைக்காமல் விட்டிருப்பார்.

"கழட்டி மாட்டுற பல்செட்டே போதுமே டாக்டர்? இல்லேன்னா எலும்புல திருகி வைப்பாங்களே, அது?"

"செட்டு உங்க ஈறுல நிக்காது. திருகி வைக்க எலும்பு பத்தாது, தேஞ்சு போயிருக்கு. வித்துதான் வழி" என்றார் டாக்டர் ஹமீதா.

"தனியா பேசிக்கிடலாமா?"

"எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பாங்க. சீக்கிரமே வாய் ஓய்ஞ்சிரும். உங்களுக்கு ஒரு பேச்சிணை தர்றோம். அவங்களும் வித்து ஊன்றினவங்கதான். இணைப்புப்பொறி தினமும் உங்க ரெண்டு பேரையும் சேர்த்து வைக்கும்."

பேச்சிணையாக வந்தவர் கோவில்பட்டி செண்பகவல்லி. ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்துகொண்டிருந்தவர். குரல்பொறி வந்ததும் வேலை போனது. முதல் அழைப்பில் இருவரும் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார்கள்.

"சாப்பிட்டியளா அண்ணாச்சி?"

"கஞ்சிதாம்மா. நீங்க?"

"பொக்கவாயி வேற என்னத்தத் திங்க?"

சவரிராயன் சிரித்துவிட்டார். தன் சிரிப்புச் சத்தம் அவருக்கே புதிதாக இருந்தது.

அதன் பிறகு, அவளிடம் சொல்வதற்கென்றே பகலெல்லாம் எதையாவது பார்த்து வைத்துக்கொண்டார். கடல்நீர் உறிஞ்சுகுழாய் வலையில் சொறிமீன், அதாவது ஜெல்லிமீன், கூட்டமாக வந்து அடைத்ததைச் சொன்னார். ரேடியோ சங்கதியையும் ஒருநாள் சொன்னார். அதற்கு அவள், "எனக்கு டிவி அண்ணாச்சி" என்றாள்.

பற்கள் வெள்ளை வெளேரென்று முளைத்தன.

"கடலமிட்டாயக் கடிச்சிட்டேன் அண்ணாச்சி! மடக்குனு ஒடஞ்சிது!"

அதுதான் கடைசி அழைப்பு. பல் முற்றியதும் இணைப்புப்பொறி தானாகவே துண்டித்துக்கொண்டது. இருவரும் போன் எண்ணைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. கேட்கத் தோன்றாத அளவுக்கு அழைப்பு தினமும் வந்துகொண்டிருந்தது.

சவரிராயன் மறுபடி மருத்துவமனைக்குப் போனார்.

"அவங்க விவரத்தை நான் தரக்கூடாது. இணைப்புப்பொறியும் அழிச்சிருக்கும்" என்றார் ஹமீதா.

"அப்போ ஒரு பல்லப் பிடுங்கிட்டு வித்து வைங்க."

"நல்ல பல்லுங்க அது! புதுசா வித்து வச்சாலும் அவங்களே வர மாட்டாங்க. வேற யாரோதான் வருவாங்க."

"யாராயிருந்தாலும் சரி டாக்டர்."

ஹமீதா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "வெளிய உக்காருங்க. உங்களுக்கு முன்னால நிறைய பேர் இருக்காங்க. அவங்களும் நல்ல பல்லைப் பிடுங்கிக்கத்தான் வந்திருக்காங்க."

கூடம் நிறைந்திருந்தது. காலியாகக் கிடந்த ஒரே நாற்காலியில் போய் அமர்ந்தார். பக்கத்திலிருந்தவர் காலை ஒதுக்கி இடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அத்தனை பேருக்கும் வாய் நிறையப் பல் இருந்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.