திரையில் இல்லாத விமானம்

மாற்றலாகி வந்த முதல் நாளே அவளுக்கு அந்த விமான நிலையத்தின் ரேடார் அறை பிடிக்கவில்லை. வெளியே வெயில் கொளுத்தும் மூன்றரை மணி. உள்ளே ஜன்னலே இல்லாத கும்மிருட்டு. திரையின் பச்சை வெளிச்சம் மட்டும் மேஜை விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஏசியின் உறுமலோடு, பாசி பிடித்த தண்ணீர் வாடை ஒன்றும் வந்தது.

“ஏசி ஒழுகுதா சார்?”

“இல்லம்மா,” என்றார் பணியை ஒப்படைக்கக் காத்திருந்தவர். கண்ணாடியின் தடிமனுக்காக எல்லோரும் அவரைச் சோடாபுட்டி என்பார்கள். “பழகிடும். என் சம்சாரத்தோட சமையலையே பழகினவன் நான்.”

எந்த விமானம் எங்கே, எவ்வளவு உயரத்தில் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவளும் முறைப்படி திருப்பிச் சொன்னாள். கடைசியில், பலகையில் விமானத்துக்கு ஒன்றாகச் செருகியிருந்த காகிதப் பட்டைகளில், எதுவும் எழுதாத ஒன்றை விரலால் தட்டினார்.

“இது யாரு சார்?”

“நாலு பத்துக்கு ஒரு சின்ன விமானம் கூப்பிடும். திரையில தெரியாது. இறங்கலாமான்னு கேக்கும். காத்திருங்கன்னு சொல்லிடு, போயிடும்.”

“புதுசா வந்தவளை நல்லா பயமுறுத்துறீங்க.”

“நானும் இப்படித்தான் சிரிச்சேன்.” அவர் முகத்தில் சிரிப்பில்லை. “அது பயிற்சி விமானம். இதே நாற்காலியில இருந்தவன் அதைக் காத்திருக்கச் சொன்னான். வீட்டுக்குக் கிளம்புற அவசரத்துல, அடுத்தவன்கிட்ட ஒப்படைக்கும்போது அதை மட்டும் சொல்ல மறந்துட்டான். சுத்திச் சுத்திப் பாத்துட்டு, பெட்ரோல் தீரப்போற நேரத்துல அதுவா இறங்கிச்சு. குறுக்க பெரிய விமானம். ரெண்டும் மோதாம மயிரிழைல தப்பிச்சுது. பெரிசுல இருந்தவங்களுக்கு ஒரு கீறல்கூட இல்ல. அது கிளப்பின காத்துல சின்னது புரண்டு பக்கத்து ஏரிக்குள்ள போயிடுச்சு.”

பையைத் தோளில் மாட்டியவர் வாசலில் நின்றார்.

“மறக்காம சொல்லிடும்மா.”

சரியாக நாலு பத்துக்கு ஹெட்போனில் இரைச்சல்.

“மேடம்… இறங்கலாமா?”

இளவட்டக் குரல். தொண்டையில் தண்ணீர் நிற்பதுபோல ஒரு கொழகொழப்பு.

திரையில் ஒரே ஒரு விமானம்தான் தெரிந்தது. நூற்றெழுபது பயணிகளோடு இறங்க வந்துகொண்டிருந்தது. பக்கத்து அறையிலிருந்து யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தாள். பதில் சொன்னால் நாளைக்கு கேன்டீனில் தலை காட்ட முடியாது. வாயை இறுக மூடிக்கொண்டாள்.

“மேடம்?”

அவள் பெரிய விமானத்தின் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“குறுக்க ஒரு சின்ன விமானம்!” பெரிய விமானத்தின் கேப்டன் அலறினார். “இடது பக்கம் திருப்புறேன்!”

திரையில் புள்ளி வெட்டி விலகியது.

“உரசிட்டுப் போச்சு… ஓட்டுற பையன் முகமே தெரிஞ்சுது. ஐயோ, திரும்பி வருது! எங்களைப் பாத்துதான் வருது!”

திரையில் வேறு எதுவுமே இல்லை.

“மேலே ஏறுங்க! உடனே!” என்று கேப்டனிடம் கத்தினாள். காத்திருங்க என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்குள் அந்தக் குரல் விசும்பியது.

“இன்னும் எவ்வளவு நேரம், மேடம்?”

அவளுக்கு மனசு கேட்கவில்லை.

“ஓடுபாதை காலியா இருக்கு தம்பி. நீ இறங்கு.”

இரைச்சல் நின்றது.

“காணோம்,” என்றார் கேப்டன். “அப்படியே காணாமப் போச்சு.”

நூற்றெழுபது பேரும் பத்திரமாகத் தரை இறங்கிய பிறகுதான் அவள் நாற்காலியில் சாய்ந்தாள். சோடாபுட்டிக்கு போன் போட்டாள்.

“பாவமா இருந்துச்சு சார். இறங்கச் சொல்லிட்டேன்.”

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தம் நின்றது.

“சார்?”

“அதுல ரெண்டு பேரும்மா,” என்றார் மெதுவாக. “படிக்கிற பையன் ஒருத்தன். பக்கத்துல சொல்லிக்கொடுக்கிறவர் ஒருத்தர்.”

பாசி வாடை மூக்கைத் துளைத்தது.

பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது.

சொட்டு. சொட்டு. தரையில் தண்ணீர் விழும் சத்தம்.

அவள் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தாள். இருந்தும் குரல் காதோரம் கேட்டது.

“ரொம்ப நன்றி மேடம்.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“நீ இறங்குன்னு என்னை மட்டும்தான சொன்னீங்க, எங்க சார் இன்னும் மேலயே இருக்காரு,” என்றது குரல். “அவருக்குக் கோபம் ஜாஸ்தி. என்னை மாதிரி கேட்டுட்டு நிக்க மாட்டாரு.”

மேஜைமேல் கிடந்த ஹெட்போன் கரகரத்தது. இறங்க வரும் அடுத்த விமானத்தின் கேப்டன், வேறு ஆள். பயணிகள் காதில் விழுந்துவிடக் கூடாதென்று அஞ்சுபவரைப்போலக் கிசுகிசுத்தார்.

“மேடம், எங்க இறக்கைக்குப் பக்கத்துலயே ஒரு சின்ன விமானம் வருது. ஒரு சீட் காலி. இன்னொண்ணுல இருக்கிறவர் முன்னாடி பாக்கவே இல்ல. எங்களையே பாத்துக்கிட்டு வர்றாரு.”