ரிங்குக்குக் கீழே ஓர் இடம்

காலை ஆறு மணிக்குச் சுவர்ப்பலகை ஒலித்ததும், பதினேழாம் பிளாக்கில் பல் துலக்குவதற்கு முன்பே எல்லோரும் இன்று தாங்கள் யார் என்று பார்த்துக்கொள்வார்கள். நேற்றுப் பல் பிடுங்கியவர் இன்று பேருந்து ஓட்டுவார். பேருந்து ஓட்டியவர் மூன்றாம் வீட்டில் மாமனாராக உட்கார்ந்து காபிக்குக் குறை சொல்வார்.

ஜெசிந்தாவுக்கு அன்று விழுந்தது: 'தாய், வீடு எண் 14. மாலை, அரங்கம்.' அவள் பெற்ற பெனிட்டா இருக்கும் வீடு அது. இருபத்திரண்டு நாளைக்குப் பிறகு கிடைத்திருக்கிறது.

கதவைத் திறந்த ஏழு வயதுப் பெனிட்டா மரியாதையாகத்தான் கேட்டாள். "இன்னைக்கி அம்மா நீங்களா?"

"நாந்தாம்ட்டி," என்றாள் ஜெசிந்தா. வேறென்ன சொல்ல? இந்த மாதத்தில் அவள் பதினோராவது அம்மா.

எல்லாம் கூடைப்பந்தில் தொடங்கிய வினை. ஒரு காலத்தில் பாயின்ட் கார்டு, ஃபார்வர்டு, சென்டர் என்று ஆளுக்கோர் இடம் இருந்தது. 'அடுக்கி' என்ற கணிப்பொறி வந்தது. ஐந்து பேரும் ஐந்து வேலையும் பார்த்தால் இடம் எதற்கு என்று கேட்டது. அப்படி ஆடித் தூத்துக்குடி அணி மூன்று கோப்பை வாங்கியது. கோப்பையைக் கண்டு மயங்கிய நகரசபை அதே முறையை ஆபீசுக்கு வைத்தது, பிறகு வீட்டுக்கும் வைத்தது. பிள்ளைகள் முகத்தை நினைவில் வைப்பதை விட்டுவிட்டார்கள். யாருக்கு எந்த இடமோ, அன்றைக்கு அதுவே பெயர்.

ஜெசிந்தா ஆறடி ஓரங்குலம், பிடிவாதம் அதைவிட உயரம். நான்கு மாதம் சபைக்கு நடையாய் நடந்து ஒரு பந்தயம் வாங்கி வந்திருந்தாள். அவள் சென்டராக இருக்கும், இடம் வைத்து ஆடும் பழைய அணி, அடுக்கியின் அணியோடு மோத வேண்டும். ஜெயித்தால் பிளாக்குக்கே நிலைச்சீட்டு. அதன்பின் யாரும் இடம் மாறவேண்டாம்.

ஆட்டத்துக்குப் போகிற தாய், வீட்டில் பதிலாள் வைத்துவிட்டுப் போகவேண்டும். எதிர்வீட்டு ஒலிவியாவை ஜெசிந்தாவே கேட்டு வாங்கினாள். அவள் கைமணம் அப்படி.

"ரெண்டு மணி நேரந்தாம்ட்டி. பிள்ளைக்கு முட்டை அவிச்சுக் குடு."

"போய் ஜெயிச்சிட்டு வா. நான் என்ன, உன் பிள்ளைய தூக்கிட்டா ஓடப்போறேன்?"

அடுக்கியின் ஐவரும் ஒரே உயரம், வியர்த்ததுகூட ஒன்றுபோல்தான். பழைய அணியின் கோச் ரெக்ஸன் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "பந்து எங்க போனாலும் நீ போவாத. ரிங்குக்குக் கீழ நில்லு."

நின்றாள். விலாவில் முழங்கை விழுந்தது, உதடு கிழிந்தது, நகரவில்லை. அந்த ஐவரும் பந்து போன பக்கமெல்லாம் ஓடினார்கள். பந்து வளையத்தில் பட்டுத் திரும்பியபோதெல்லாம் அங்கே ஜெசிந்தா மட்டும் இருந்தாள். அறுபத்தொன்றுக்கு அறுபது.

சபை அதிகாரி தயாபரன் வந்து கைகுலுக்கினார். "நீங்க சொன்னது சரிம்மா. இடம் முக்கியம். அடுக்கியே ஒத்துக்கிடுச்சு. ஆட்டம் முடிஞ்ச ஆறு இருபதுலேருந்து அமல்."

"இனிமே மாத்தமாட்டீங்கல்லா சார்?"

"ஆயுசுக்கும் மாத்தமாட்டோம். ஆறு இருபதுக்கு யார் எங்க நின்னாங்களோ, அங்கதான்."

ஜெசிந்தா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "அப்ப நான்?"

அவர் அவள் கழுத்தில் ஒரு சீட்டை மாட்டிவிட்டு அதைப் படித்தார். "சென்டர். தங்குமிடம், அரங்க விடுதி."

"சார், வீட்டுல நிக்கது பதிலாளு."

"பதிலாள்னு ஒரு இடமே அடுக்கிக்குத் தெரியாதும்மா. தாய் இடத்துல ஆள் இருக்காங்க. இடந்தான் முக்கியம்னு நீங்கதான வாதாடுனீங்க?"

பிளாக்கில் செய்தி அதற்குள் பரவியிருந்தது. அன்று மாமனாராக இருந்தவர் இனி ஆயுளுக்கும் மாமனார். அவர் ஒருவருக்குத்தான் சந்தோஷம். மற்றவர்கள் வாசலில் நின்று, ஜெர்சியோடு ஓடிவந்த ஜெசிந்தாவைப் பார்த்தார்கள்.

பதினான்காம் எண் கதவைத் தட்டினாள். பெனிட்டா திறந்தாள். உதட்டோரம் முட்டை மஞ்சள். ஜெர்சியை ஏற இறங்கப் பார்த்தாள். கழுத்தில் தொங்கிய சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"அம்மா, சென்டர் வந்திருக்காங்க."